அருகிருந்து காணுதல்: அகன்ற கோண ஜூம் லென்சும் மொழிக் களப்பணியும்

பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் முகத்தைத் திரையில் பெரிதாகக் காட்ட ஒளிப்பதிவாளருக்கு இரண்டு வழிகள் உள்ளன. அவர் அருகே செல்லலாம். அல்லது நின்ற இடத்திலேயே நின்று லென்சின் வளையத்தைத் திருப்பலாம். இரண்டிலும் முகம் ஒரே அளவில் திரையை நிரப்பும் என்பதால், இரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடுவது எளிது. களப்பணிக்குக் கேமரா வாங்கும் மொழியியல் துறைகளிலும் நாட்டார் வழக்காற்றியல் துறைகளிலும் "எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கலாம்?" என்ற கேள்வி எளிதாக எழுகிறது. "எவ்வளவு அருகிலிருந்து எடுக்கலாம்?" என்று கேட்போர் குறைவு. இந்த இரண்டாவது கேள்விக்கு விடையாக அமைந்த கருவியே அகன்ற கோண ஜூம் லென்ஸ். திரைப்படத் தொழிலுக்கென்று உருவான அக்கருவியைப் பற்றி, மனிதர்களைப் பதிவுசெய்யச் செல்லும் ஆய்வாளர்களும் சிந்திக்க வேண்டிய காரணங்கள் உண்டு.

முதலில் கணக்கு. திரைப்படத் தொழிலில் பெருவழக்காக உள்ள சூப்பர் 35 அளவு உணரியின் அகலம் சுமார் 25 மி.மீ. ஆஞ்ஜெனியூ நிறுவனத்தின் 15-40 மி.மீ. ஜூம் லென்சை அதில் பொருத்தி, தரையில் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு ஒன்றரை மீட்டர் தொலைவில் வைப்பதாகக் கொள்வோம். 15 மி.மீ. குவியத் தொலைவில் சட்டகத்தின் அகலம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். பேசுபவரின் முழு உடலும், பக்கத்தில் அமர்ந்து கேட்பவரும், இருவருக்கும் இடையே தரையில் கிடக்கும் பொருள்களும் அதற்குள் அடங்கும். வளையத்தை 40 மி.மீ.க்குத் திருப்பினால் அகலம் 93 சென்டிமீட்டராகக் குறையும். தலையும் மார்பும் மட்டும் எஞ்சும். இதே 93 சென்டிமீட்டர் சட்டகத்தை அதே நிறுவனத்தின் 24-290 மி.மீ. லென்சின் தொலைமுனையில் பெற வேண்டுமானால் கேமரா சுமார் 11 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். முற்றத்தின் மறுகோடி, தெருவின் எதிர்ப்புறம், மரத்தின் மறைவு ஆகியவை அந்தத் தொலைவுக்குள் வருபவை. ஒன்றரை மீட்டரில் இருப்பவர் உரையாடலுக்குள் இருக்கிறார். 11 மீட்டரில் இருப்பவரைப் பேசுபவர் மறந்துவிடலாம், காணாமலும் போகலாம்.

முகத்தின் அளவு ஒன்றானாலும் படம் ஒன்றாவதில்லை. பேசுபவருக்கு இரண்டு மீட்டர் பின்னால் வேறொருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேமரா ஒன்றரை மீட்டரில் இருக்கும்போது, பின்னால் நிற்பவரின் தலை பேசுபவரின் தலையில் 43 விழுக்காடு அளவுக்குத்தான் தெரியும். கேமரா 11 மீட்டருக்குப் போனால் அதே தலை 85 விழுக்காடாகப் பெருத்து, பேசுபவரின் தோளில் ஒட்டியதுபோல் தோன்றும். பொருள்களுக்கிடையேயான தோற்ற உறவைத் தீர்மானிப்பது கேமரா நிற்கும் தொலைவு. குவியத் தொலைவு அந்த உறவிலிருந்து எவ்வளவு பகுதியை வெட்டியெடுப்பது என்பதை மட்டுமே முடிவுசெய்கிறது. ஜூம் வளையத்தைத் திருப்பும்போது அண்மைப்பொருளும் சேய்மைப்பொருளும் ஒரே விகிதத்தில் வளர்கின்றன. நடந்து நெருங்கும்போதோ அண்மைப்பொருள் விரைந்தும் சேய்மைப்பொருள் மெதுவாகவும் வளர்கின்றன. நடையில் ஓர் உலகத்துக்குள் நுழைகிறோம். ஜூமில் அவ்வுலகின் படமொன்றைப் பெரிதாக்குகிறோம்.

தமிழ் இலக்கணம் பயின்றவர்க்கு இந்த வேறுபாடு புதிதன்று. அ, இ, உ மூன்றையும் சுட்டு என்று வகுத்தது தொல்காப்பியம். இவன் அண்மையில் இருப்பவன், அவன் சேய்மையில் இருப்பவன், உவன் இடைப்பட்டவன். இன்றைய தமிழகப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது; யாழ்ப்பாணப் பேச்சில் இன்னும் வாழ்கிறது. சுட்டுச் சொல் எதுவும் சொல்பவரின் உடல் நிற்கும் இடத்தைப் பொறுத்தே பொருள் பெறுகிறது. ஒருவரை "இவர்" என்று சொல்ல வேண்டுமானால் அவரருகே போயாக வேண்டும். தொலைமுனை நீண்ட ஜூம் லென்ஸ் இந்த இலக்கணத்தை மீறுகிறது. சேய்மையில் இருக்கும் "அவரை", தான் நகராமலே, திரையில் "இவராக" ஆக்கிக் காட்டுகிறது. பார்வையாளர் அண்மையை உணர்கிறார். படமெடுக்கப்பட்டவர் அந்த அண்மையை ஒருபோதும் அனுபவிக்கவில்லை. அகன்ற கோண ஜூமில் இந்த மீறலுக்கு இடமில்லை. அதன் நெடுமுனையே 40 மி.மீ. அளவில் முடிந்துவிடுவதால், முகம் பெரிதாக வேண்டுமென்றால் கால்கள் நடக்க வேண்டும்.

ஜூம் லென்சின் வரலாற்றில் தொலைமுனை விரைந்து வளர்ந்தது. அகலமுனை மெதுவாகவே விரிந்தது. 1932இல் பெல் அண்ட் ஹவெல் நிறுவனத்துக்காக உருவான குக் வாரோ லென்சின் எல்லை 40 முதல் 120 மி.மீ. வரை. 1960களில் புகழ்பெற்ற ஆஞ்ஜெனியூவின் பத்து மடங்கு ஜூம் 25 முதல் 250 மி.மீ. வரை நீண்டது. ஸ்டான்லி குப்ரிக்கின் 'பாரி லிண்டன்' (1975) படத்துக்காக இருபது மடங்கு ஜூம் ஒன்று செய்யப்பட்டது. அதன் எல்லை 24 முதல் 480 மி.மீ. மேல்முனை இரட்டித்துக்கொண்டே போனபோது கீழ்முனை 24, 25 என்ற அளவிலேயே தயங்கி நின்றது.

தயக்கத்துக்குக் காரணம் கேமராவின் உள்ளமைப்பு. படச்சுருள் கேமராக்களில் லென்சுக்கும் சுருளுக்கும் இடையே சுழலும் கண்ணாடி ஒன்று இருந்தது. அதற்கு இடம்விட்டு அமைந்த பி.எல். மவுண்டில், லென்ஸ் பொருந்தும் விளிம்பிலிருந்து படத்தளம் 52 மி.மீ. தள்ளியிருக்கிறது. 15 மி.மீ. குவியத் தொலைவுள்ள எளிய லென்ஸ், தொலைவிலுள்ள காட்சியைத் தெளிவாக விழச்செய்யப் படத்தளத்துக்கு 15 மி.மீ. அருகே இருக்க வேண்டும். அங்கோ கண்ணாடி சுழன்றுகொண்டிருக்கிறது. ஆகவே முன்புறம் ஒளியை விரிக்கும் குழி வில்லைத் தொகுதியையும் பின்புறம் அதைக் குவிக்கும் குவி வில்லைத் தொகுதியையும் வைத்து, பிம்பத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். ஆஞ்ஜெனியூ 1950இல் நிழற்படக் கேமராக்களுக்காக வெளியிட்ட 'ரெட்ரோஃபோகஸ்' லென்ஸ் இம்முறையில் அமைந்தது. அந்தப் பெயரே பின்னர் இவ்வமைப்பு முழுவதற்கும் பொதுப்பெயராயிற்று. ஒரே குவியத் தொலைவுக்கே இத்தனை பாடு என்றால், உள்ளே தொகுதிகள் நகர நகரக் குவியத் தொலைவும் மாற வேண்டும், தெளிவும் குலையக்கூடாது, ஓரத்திலுள்ள நேர்க்கோடும் வளையக்கூடாது என்பது எத்தகைய சிக்கல் என்பதை ஊகிக்கலாம். அதனால்தான் சொந்தமான அகன்ற கோண ஜூம்கள் இந்நூற்றாண்டில்தான் தொழிலில் இயல்பாகப் புழங்கத் தொடங்கின. 15-40 லென்சின் எடை 2 கிலோவுக்கு உட்பட்டது. 24-290இன் எடை 11 கிலோ. முன்னதைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு குடிசைக்குள் குனிந்து நுழைய முடியும்.

திரைப்பட லென்ஸ் நிழற்பட லென்சிலிருந்து வேறுபடும் இடங்களும் ஆய்வாளருக்குப் பயன்படுபவை. வளையத்தை எந்த முனைக்குத் திருப்பினாலும் குவியம் கலையாது; விலை குறைந்த நிழற்பட ஜூம்கள் பலவற்றில் ஒவ்வொரு முறையும் மீண்டும் குவியப்படுத்த வேண்டும். குவிய வளையத்தைத் திருப்பும்போது சட்டகம் சுருங்கி விரிவதும் இதில் மிகக் குறைவு. ஒளியளவு, கணக்கில் வரும் எஃப் எண்ணுக்கு மாறாக, கண்ணாடிகளைக் கடந்து உண்மையில் வந்துசேரும் ஒளியை அளந்த டி எண்ணால் குறிக்கப்படுகிறது. ஜூம் எல்லை முழுவதும் அது மாறுவதில்லை. 2017இல் ஃபூஜினான் வெளியிட்ட எம்.கே. 18-55 மி.மீ. லென்ஸ் டி2.9 ஒளியளவுடன் 980 கிராம் எடையில் வந்தபோது, இப்பண்புகள் சிறு குழுக்களுக்கும் எட்டின.

இந்தியத் திரைப்படத்தில் ஜூம் பெற்ற பெயர் நல்ல பெயரன்று. தண்டவாளமும் கிரேனும் வாடகைக்கு எடுக்கும் செலவை மிச்சப்படுத்தும் கருவியாக, 1970களின் படங்களில் அது முகங்களின்மேல் பாய்ந்து பாய்ந்து விழுந்தது. ஆயினும் அக்கருவியின் உண்மையான பொருளை அதற்கு முன்பே ஒரு படம் உணர்த்திவிட்டது. சத்யஜித் ராயின் 'சாருலதா'வில் (1964, ஒளிப்பதிவு சுப்ரதா மித்ரா) தனிமையில் வாடும் சாரு, கைப்பிடி வைத்த பார்வைக் கண்ணாடியால் சன்னல் வழியே தெருவில் போவோரைப் பார்க்கிறாள். கணவன் அவளைக் கவனிக்காமல் அருகிலேயே கடந்து போகும்போது, அவனையும் அக்கண்ணாடியாலேயே பார்க்கிறாள். அவள் கண்ணாடியைத் தாழ்த்துகையில் காட்சி சட்டென்று பின்வாங்குகிறது. வீட்டுக்குள்ளேயே இருப்பவனைக் காண உருப்பெருக்கி தேவைப்படுகிறது என்பதே அங்கே சொல்லப்படும் செய்தி. ஜூம் தொலைவை அழிப்பதில்லை, தொலைவுக்குச் சான்றளிக்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன காட்சிகள் குறைவு.

ஆவணப்பட உலகில் இதே கருத்தை வாதமாக முன்வைத்தவர் ழான் ரூஷ். மேற்கு ஆப்பிரிக்காவில் நெடுங்காலம் படமெடுத்த இந்தப் பிரெஞ்சு மானிடவியலாளர், 1970களில் எழுதிய 'கேமராவும் மனிதனும்' என்ற கட்டுரையில், முக்காலியில் நின்று ஜூமால் எட்டிப் பார்க்கும் முறையை மறுத்தார். கேமராவைக் கையிலேந்தி மனிதர்களிடையே நடப்பதையே அவர் முறையாகக் கொண்டார். அவர் காலத்தில் அகன்ற கோண ஜூம்கள் பரவலாக இல்லை. இன்று அவை இருக்கின்றன என்பதால், ஜூம் வேண்டுமா அருகாமை வேண்டுமா என்ற பழைய இருவழிப் பூசல் தளர்ந்துவிட்டது.

இது மொழியியலுக்கு ஏன் முக்கியம்? இந்தியாவில் மொழிகளைப் பதிவுசெய்யும் பணி ஒலியில் தொடங்கியது. கிரியர்சனின் இந்திய மொழிகள் கணக்கெடுப்பையொட்டி 1913 முதல் 1929 வரை கிராமபோன் தட்டுகளில் பல மொழிகள் பதிவாயின. நூறாண்டுக்குப் பின், 2013இல், பத்தாயிரம் பேருக்கும் குறைவானோர் பேசும் மொழிகளை ஆவணப்படுத்தும் திட்டம் மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் வழியாகத் தொடங்கப்பட்டது. இன்று ஒலியோடு காட்சியும் சேர்ந்தே பதிவாகிறது. காட்சி என்பது அலங்காரமாக அங்கே வரவில்லை. திராவிட மொழிகள் பலவற்றிலும் முண்டா மொழிகளிலும் கேட்பவரை உட்படுத்தும் "நாம்", உட்படுத்தாத "நாங்கள்" என்ற வேறுபாடு உண்டு. ஓர் உரையாடலில் எந்தச் சொல் எது என்று அறிய, யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று தெரிய வேண்டும். சுட்டுச் சொற்களைப் பிரித்தறியக் கை எங்கே நீண்டது, தாடை எப்பக்கம் நிமிர்ந்தது, பொருள் எங்கே கிடந்தது என்று தெரிய வேண்டும். கிரேட் அந்தமானிய மொழியை ஆராய்ந்த அன்விதா அப்பி, அதன் இலக்கணமே மனித உடலின் பகுப்பை அடிப்படையாகக் கொண்டது என்று காட்டியுள்ளார். அத்தகைய மொழியைப் பேசுபவரின் உடலை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் சேமிப்பது, நூலின் அட்டையைச் சேமிப்பது போன்றது.

கிழக்கிந்திய மலைப்பகுதி ஒன்றில் முண்டா மொழியொன்றைப் பதிவுசெய்யச் சென்ற இரண்டு ஆய்வு மாணவர்களின் அனுபவம் இங்கே குறிப்பிடத்தக்கது. முதற்பயணத்தில் அவர்களிடம் இருந்தது நிழற்படக் கலைக்கான நெடிய ஜூம் லென்ஸ். முற்றத்தின் கோடியில் இருந்த பலாமரத்தடியில் முக்காலியை நிறுத்தினார்கள். எதிர்த் திண்ணையில் ஒரு மூதாட்டி சாலமர இலைகளை மூங்கில் ஈர்க்கால் தைத்துத் தையல் இலை செய்துகொண்டே தங்கையோடு பேசிக்கொண்டிருந்தார். ஒப்புதல் படிவத்தில் காலையிலேயே கைநாட்டுப் பெறப்பட்டிருந்தது. ஒலிவாங்கி திண்ணையோரம் இருந்தது. கேமரா வெகு தொலைவில். படம் மிக அழகாக வந்தது. முகத்தின் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் தெளிவு. பின்புலம் பச்சை மங்கல்.

விடுதிக்குத் திரும்பி எழுத்துப்பெயர்க்கத் தொடங்கியபோது சிக்கல் வெளிப்பட்டது. அம்மொழியில் மூன்று சுட்டுச் சொற்கள் இருந்தன. முதலிரண்டு அண்மை, சேய்மை என்று விளங்கின. மூன்றாவது சொல் கேட்பவருக்கு அருகிலுள்ளதைக் குறிக்கிறதா, கண்ணுக்குத் தெரியாததைக் குறிக்கிறதா என்பதே ஆய்வேட்டின் ஓர் இயலுக்கான வினா. அழகிய அந்தப் படத்தில் கைகள் இல்லை, இலைக் கட்டுகள் இல்லை, தங்கையும் இல்லை. மணிக்கணக்கான பதிவில் மூன்றாவது சொல் பலமுறை ஒலித்தது. எதைச் சுட்டி ஒலித்தது என்பதற்கு ஒரு சான்றும் இல்லை.

அடுத்த பயணத்துக்கு 18-55 மி.மீ. ஜூம் லென்சொன்றை வாடகைக்கு எடுத்துச் சென்றார்கள். இம்முறை திண்ணையிலேயே, ஒன்றரை மீட்டர் தள்ளி, தரையோடு தரையாகக் கேமரா அமர்ந்தது. மூதாட்டி அதைப் பார்த்தார். "அன்றைக்கும் இது இருந்ததா?" என்று கேட்டார். மரத்தடியில் இருந்ததைச் சொன்னார்கள். அவர் எண்ணியிருந்தது வேறு: அன்று கைநாட்டு வைத்தது, காலையில் வரிசையாகச் சொற்களைக் கேட்டுப் பதிவுசெய்தார்களே, அதற்கு மட்டும். மாலையில் தங்கையோடு பேசியது பதிவானது அவருக்குத் தெரியவே தெரியாது. மடிக்கணினியில் அதைப் போட்டுக் காட்டினார்கள். தன் முகத்தை அவ்வளவு பெரிதாக அவர் அதற்குமுன் கண்டதில்லை. செங்கற்சூளை வேலைக்குப் போய்த் திரும்பாத மகனைப் பற்றித் தங்கையிடம் பேசிய பகுதி வந்ததும், நிறுத்தச் சொன்னார். அது யாருக்கும் வேண்டாம் என்றார்.

அந்த நான்கு நிமிடங்களில்தான் மூன்றாவது சுட்டு, கண்முன் இல்லாத ஒருவரைக் குறிக்க, ஐயத்துக்கிடமின்றி ஆளப்பட்டிருந்தது. பொருள் சூழலிலேயே விளங்கியதால் கைச்சைகைகூட அங்கே தேவைப்படவில்லை. வினாவுக்கு நேரடி விடை அது. மாணவர்கள் இருவரும் அன்றிரவு நெடுநேரம் விவாதித்தார்கள். பெயரை மறைக்கலாம், ஒலியை மட்டும் வைத்துக்கொள்ளலாம், வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்று வழிகள் பல தோன்றின. மறுநாள் காலை, மூதாட்டியின் முன்னிலையில், அப்பகுதியை எல்லாப் படிகளிலிருந்தும் அழித்தார்கள். பின்னர் திண்ணையில் எடுத்த அகன்ற பதிவுகளில் மூன்றாவது சுட்டு இலைக்கட்டுகளுக்கும் காட்டுப்பாதைக்கும் ஆளப்பட்டதைக் கண்டார்கள். சுவருக்கு அப்பால் மறைந்திருந்த கட்டு ஒன்றுக்கும் அச்சொல்லே வந்தது. சான்று வலிமை குறைந்ததுதான். அதை வைத்தே இயல் எழுதப்பட்டது.

அருகாமையை ஆதரிப்போர் எதிர்கொள்ள வேண்டிய வலுவான மறுப்பு ஒன்றுண்டு. மக்கள் கவனிக்கப்படாதபோது எவ்வாறு பேசுகிறார்கள் என்பதை அறியவே மொழியியலாளர் விரும்புகிறார். கவனித்தால் மட்டுமே அதை அறியவும் முடியும். வில்லியம் லபோவ் இதை நோக்குநர் முரண் என்று பெயரிட்டு விளக்கினார். ஒன்றரை மீட்டரில் நிற்கும் கேமரா இம்முரணைக் கூர்மையாக்கும் என்பதில் ஐயமில்லை. முதல் அரைமணி நேரம் பேச்சு விறைப்பாகத்தான் இருக்கும். ஆனால் தொலைவில் நிற்கும் கேமரா இம்முரணைத் தீர்ப்பதில்லை. பேசுபவரின் அறியாமையில் அதைப் புதைத்துவைக்கிறது. விறைப்பு நீங்குவதற்குக் களத்தில் நாள்கள் செலவிடலாம். அறியாமல் எடுத்ததை அறிந்து எடுத்ததாகப் பின்னர் மாற்ற இயலாது.

அகன்ற கோணத்துக்கும் தன் பொய்கள் உண்டு. 15 மி.மீ. லென்சின் சட்டக ஓரத்தில் இருக்கும் முகம் கிடைமட்டமாகச் சுமார் 30 விழுக்காடு நீண்டு தோன்றும். ஓரத்தில் அமர்ந்திருக்கும் தங்கையை அவ்வாறு காட்டுவது மரியாதையாகாது. மாந்தரைச் சட்டகத்தின் நடுப்பகுதிக்குள் அமர்த்துவதே முறை. அரை மீட்டருக்கும் உள்ளே நெருங்கினால் மூக்கு பெருக்கும், காது சிறுக்கும்; அது லென்சின் குறையாகச் சொல்லப்பட்டாலும் தொலைவின் குறை. எல்லாவற்றினும் முக்கியமானது, அகன்ற சட்டகம் கேட்காததையும் காட்டும். கூரையின் ஓட்டை, மூலையில் உறங்கும் குழந்தை, குளித்துவிட்டு வரும் மருமகள் எனப் படிவத்தில் பெயரில்லாதவர்கள் எல்லாரும் பதிவில் வந்துவிடுவார்கள். ஆகவே பேசுபவரிடம் பெற்ற ஒப்புதல் அகன்ற சட்டகத்துக்குப் போதாது. சட்டகத்துக்குள் வரும் ஒவ்வொருவரிடமும் அது பெறப்பட வேண்டும்.

களத்துக்குப் புறப்படும் மாணவர்களுக்குச் சில நடைமுறைகள் உதவலாம். லென்சின் அகலமுனையில் தொடங்கி, பேசுபவரின் கைகள், கேட்பவர், பேச்சில் இடம்பெறும் பொருள்கள் மூன்றும் அடங்கும் குவியத் தொலைவைப் பேச்சு தொடங்குமுன் முடிவுசெய்க. பேச்சின் நடுவே வளையத்தைத் தொடற்க. ஒரு வாக்கியத்தின் பாதியில் சட்டகம் மாறினால் சைகையின் தொடக்கமோ முடிவோ இழக்கப்படும். குவியத் தொலைவு, கேமராவுக்கும் பேசுபவருக்கும் உள்ள தொலைவு ஆகிய இரண்டையும் ஒவ்வொரு பதிவின் தகவல் குறிப்பிலும் எழுதுக. இவை இருந்தால்தான், பின்னாளில் அப்பதிவை ஆராய்பவர் கை நீண்ட திசையையும் பொருள் கிடந்த தூரத்தையும் மதிப்பிட முடியும். எடுத்ததை அன்றே, எடுத்த இடத்திலேயே, பேசியவர்க்குப் போட்டுக் காட்டுக. விலையுயர்ந்த லென்சைத் துறை வாங்கித்தர வேண்டியதில்லை. பெருநகரங்களில் நாள் வாடகைக்குக் கிடைக்கும். வாடகைக்கும் வழியில்லையெனில், கையிலுள்ள எளிய ஜூமின் அகலமுனையும், அருகே சென்று அமர்வதற்கான துணிவும் பெரும்பகுதித் தேவையை நிறைவேற்றும்.

மூன்றாம் பயணத்தின்போது அம்மூதாட்டியே கேமராவுக்குப் பாய் விரித்து இடம் காட்டினாராம். தங்கை எந்தப் பக்கம் அமர வேண்டும், இலைக்கட்டு எங்கே இருக்க வேண்டும் என்பதையும் அவரே ஒழுங்குபடுத்தினார். மகனைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை, மாணவர்களும் கேட்கவில்லை. ஆய்வேட்டில் மூன்றாவது சுட்டைப் பற்றிய பகுதி இரண்டு பக்கங்களில் முடிகிறது. வழிகாட்டிக் குழு கூடுதல் சான்று கேட்டது. உள்ள சான்று இவ்வளவே என்று மாணவர்கள் எழுத்தில் விடையளித்திருக்கிறார்கள்.